வரிக்குப் பயந்து தனியே படுத்த மாப்பிள்ளை

நான் ரொட்டிக் கடை வேலைக்கு விடியற்காலையில் நடந்தே போய்வந்த ஒரு குளிர்காலம் முழுக்க, எங்கள் தெரு நடைபாதையில் மட்டும் பனி வாரி ஒதுக்கியிருக்கும். பக்கத்துத் தெருவில் முழங்கால் வரை கிடக்கும். டொலீடோ நகராட்சிக்கு என்மேல் ஏதோ தனிப் பிரியம் என்று நினைத்துக்கொண்டேன். நகராட்சிக்கு அப்படி யார்மேலும் பிரியம் கிடையாது என்று மார்ச் மாதத்தில்தான் தெரிந்தது. அன்று பத்து நிமிடம் முந்திக் கிளம்பிவிட்டேன். பனி தள்ளும் லாரி தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது. அதன் டிரைவர் கீழே இறங்கி, கையில் மண்வாரியோடு நடைபாதையை வாரிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோழி திருடிப் பிடிபட்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு லாரியில் ஏறிப் போய்விட்டார்.

அவர்தான் நார்பெர்ட் ஜீலின்ஸ்கி. அதைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் ஒருநாளும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மனிதரைப் பார்த்துத்தான் எங்கள் தேவாலயப் பங்கு ஜனங்கள் ஒன்பது மாதம் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும், சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

கதை இரண்டாயிரத்து எட்டில் ஆரம்பித்தது. அப்போது நார்பெர்ட்டுக்கு வயது ஐம்பத்தொன்று. கல்யாணம் இல்லை. ஒரு பீர்க்கடை மாடியில் இருபத்திரண்டு வருடமாக வாடகைக்கு இருந்தார். அந்த வருடம் ஊரில் வீடுகள் விலை போகாமல் நாறிக்கிடந்தன. பார்த்தது அரசாங்கம். முதல் தடவையாக வீடு வாங்குகிறவர்களுக்கு வரியில் ஏழாயிரத்து ஐநூறு டாலர் சலுகை என்று அறிவித்தது. முடிவெட்டும் கடையிலிருந்து செய்தி எங்கள் பங்குக் கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அது "சும்மா தர்றாங்களாம்" என்று ஆகியிருந்தது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நார்பெர்ட் பெரியோர் சொல்லைத் தட்டாதவர். பல்லைப் பார்க்கவே இல்லை. நவம்பர் கடைசியில் இரண்டு படுக்கையறை வைத்த செங்கல் வீடு ஒன்றை எழுபத்தாறாயிரம் டாலருக்கு வாங்கினார். மறு வசந்தத்தில் ஏழாயிரத்து ஐநூறு வந்தது. வீட்டைச் சூடாக்கும் பழைய அடுப்பைத் தூக்கிப்போட்டுப் புதியது வைத்தார். மிச்சத்தில் பங்குக் கூடத்து மீன் வறுக்கும் சட்டிக்குப் புது மூடி வாங்கித் தந்தார்.

அப்புறம்தான் மாடு வாயைத் திறந்து பல்லைக் காட்டியது. அந்தப் பணம் தானம் இல்லை, கடன். வருடம் ஐநூறு வீதம் பதினைந்து வருடம், வரி கட்டும்போது சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும். வட்டி இல்லை, அந்த மட்டுக்கும் கருணைதான். ஆனால் அதுவரை அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். நடுவில் வீட்டை விட்டுக் குடி பெயர்ந்தால் மிச்சம் இருப்பதை அந்த வருடமே மொத்தமாகக் கீழே வைக்க வேண்டும்.

இது போதாதென்று, அவர் வீடு வாங்கி ஜனவரி பிறந்ததுமே அரசாங்கத்துக்கு இன்னும் மனம் இளகிவிட்டது. அந்த ஜனவரி முதல் வாங்குகிறவர்களுக்கு எட்டாயிரம், மூன்று வருடம் அதே வீட்டில் இருந்தால் போதும், திருப்பியே தர வேண்டாம் என்று சட்டத்தை மாற்றியது. நார்பெர்ட் ஐந்து வாரம் அவசரப்பட்டுவிட்டார். பிப்ரவரியில் எதிர்வீட்டை வாங்கிய டுவேன் அவசரப்படாதவன். அவன் சோம்பேறி, அதனால் புத்திசாலி ஆகிவிட்டான். எட்டாயிரத்தில் ஒரு படகு வாங்கி வாசலில் நிறுத்தினான். வருடத்தில் பத்து மாதம் அந்தப் படகு தண்ணீரைப் பார்க்காமல் நார்பெர்ட்டின் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றது.

ஏப்ரல் வந்தால் டுவேன் தெருவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்துவான்.

"என்ன நார்ப், இந்த வருஷத்து ஐநூறு கட்டியாச்சா?"

"கட்டியாச்சு."

"எனக்கு இந்தக் கவலையே இல்ல பாரு. மறந்தே போச்சு!"

"மறந்தவன் எதுக்குடா வருஷா வருஷம் ஞாபகமா கேக்கற?"

வரிக் கணக்கை எழுதிக்கொடுப்பது பெர்னடெட். பேங்கில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் பங்குக் கூடத்தில் மீன் வறுவல் சாப்பாடு போடுவோம் அல்லவா, அந்தக் கூடத்தின் ஒரு மூலையில் மேஜை போட்டு, ஏழை எளியவர்களுக்குக் காசு வாங்காமல் வரிப் படிவம் நிரப்பித் தருவாள். எங்கள் பங்கிலிருந்து போகும் எல்லா வரிப் படிவத்திலும் மீன் வாசனை அடிக்கும். அதற்காக ஒன்றும் தள்ளுபடி கிடைத்ததாகத் தெரியவில்லை.

நார்பெர்ட் எண்ணெய்ச் சட்டியில் நிற்பார். முட்டைக்கோஸ் சாலட் ஆர்லீன் குஜாவாவின் பொறுப்பு. ஆர்லீன் விதவை. பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. பள்ளிக்குப் பக்கத்திலேயே கடன் அடைந்த சொந்த வீடு. கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் எண்ணமும் கிடையாது, அதனால் அந்த வீட்டை விட்டு நகர மாட்டாள். "எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே மீனைப் போடறே" என்று அவள் ஒரு வெள்ளிக்கிழமை அவரைத் திட்டினாள். "சாலட்டுக்கு அடுப்பு வேண்டாம், அங்க போய் நில்லு" என்றார் அவர். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் காதல்.

இரண்டு தவக்காலம் இப்படியே சண்டையில் போனது. அடுத்த வருடம், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், நான் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருக்கும்போதே நார்பெர்ட் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் போனார்.

"ஆர்லீன், நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "பண்ணிக்கலாம். எப்ப?"

"ரெண்டாயிரத்து இருபத்தஞ்சுல."

அப்போது நடந்துகொண்டிருந்தது இரண்டாயிரத்து பதினான்கு. ஆர்லீன் கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"அதுல எந்த மாசம்?"

"ஏப்ரல். பதினஞ்சாம் தேதிக்கு அப்புறம் எப்ப வேணும்னாலும். அதோட என் கடைசி ஐநூறு முடிஞ்சிரும். உன் வீட்டுக்கு வந்துரலாம்."

"அப்ப எனக்கு அறுபத்தெட்டு வயசு இருக்கும் நார்ப். மணப்பொண்ணைத் தாங்கிப் பிடிச்சுட்டு வர நாலு ஆளையும் இப்பவே சொல்லி வெச்சுரு."

நான் தண்ணீர்க் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டேன், சிரிப்பு கேட்காமல் இருக்க.

அந்த செப்டம்பரிலேயே கல்யாணம் நடந்தது. ஆர்லீன் சொன்ன தேதி. கோவிலில் பூசை, கூடத்தில் பியரோகிக் கொழுக்கட்டையும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியும், அக்கார்டியன் வாசிக்க ஒரு ஆள். மாப்பிள்ளை நன்றாகவே ஆடினார். மணி ஒன்பது ஆனதும் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு கேக் துண்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, காரில் ஏறித் தன் வீட்டுக்குப் போய்விட்டார். ஏதோ மறந்துவிட்டதை எடுத்துவரப் போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் ஒன்றையும் மறக்கவில்லை. படுக்கத்தான் போனார்.

மறுநாள் காலை பூசைக்கு வந்தவரிடம் நானே கேட்டுவிட்டேன். "என்ன நார்பெர்ட் இது? கல்யாணத்தன்னைக்கு யாராவது இப்படிப் பண்ணுவாங்களா?"

"எங்கே படுக்கறமோ அதுதான் குடியிருக்கற வீடு. சாப்பிடறது, பேசறது, சண்டை போடறதெல்லாம் எங்க வேணும்னாலும் செய்யலாம். படுக்கை மாறினா அஞ்சாயிரத்து ஐநூறு மொத்தமா கட்டணும்."

"ஆர்லீன் என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. கேக் நல்லா இருந்துதுன்னு மட்டும் சொன்னா."

அன்றிலிருந்து அதுவே நடைமுறை ஆகிவிட்டது. காலை ஐந்தரைக்கு மனைவி வீட்டுக்கு வந்து காபி குடிப்பார். வேலைக்குப் போவார். சாயங்காலம் வந்து குழாய் சரி பண்ணுவார், கதவுக்கு எண்ணெய் போடுவார், சாப்பிடுவார். ஒன்பது மணிக்கு நல்ல பிள்ளையாகத் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். தாலி கட்டின இடத்துக்கு இப்படி விருந்தாளியாக வந்துபோன புருஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்கள் நாட்டு வழக்கத்தில் தாலி இல்லை, மோதிரம்தான். அதையாவது வரி அலுவலகத்துக்குப் பயந்து ராத்திரி கழற்றி வைக்காமல் இருந்தாரே!

அந்தக் குளிர்காலத்தில் அவர் கூத்து முற்றியது. ஊருக்கெல்லாம் பனி தள்ளிவிட்டு வந்து, தன் வீட்டு வாசலில் வேண்டுமென்றே காலடித்தடம் வைத்துவிட்டுப் போவார். அப்போதுதான் குடியிருக்கிற வீடு மாதிரி தெரியுமாம். கடிதங்களை ஒருநாள் விடாமல் எடுப்பார். ஜன்னலில் விளக்கு எரியும். வாஷிங்டனிலிருந்து ஒரு அதிகாரி, ஆயிரம் வேலையைப் போட்டுவிட்டு, இந்தச் செங்கல் வீட்டு வாசலில் காலடித்தடம் எண்ண வரப்போகிறார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. நம்பிக்கை மலையையும் பெயர்க்கும் என்கிறது வேதாகமம். இவரைத்தான் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குப் பெயர்க்க முடியவில்லை.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? "புதுசா கல்யாணம் ஆனவங்க பிரிஞ்சுட்டாங்களாம்" என்று பங்குச் சாமியார் காதுக்குப் போய்விட்டது. அவர் பாவம், குடும்ப ஒற்றுமை பற்றிய சிறு புத்தகம் ஒன்றை எடுத்துக்கொண்டு சமாதானம் பண்ண வந்தார். நார்பெர்ட் மரியாதையாக உட்காரவைத்து, வரிக் காகிதத்தை நீட்டினார். சாமியார் கண்ணாடியைப் போட்டு இரண்டு பக்கமும் படித்தார்.

"நார்பெர்ட், இது ஆயரோட அதிகாரத்துக்கும் மேல இருக்கற விஷயமா தெரியுதே" என்று சொல்லி, கொண்டுவந்த புத்தகத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிப்ரவரி கடைசியில் ஆர்லீன் வீட்டுக் கூரை ஒழுக ஆரம்பித்தது. சரியாகப் படுக்கையறைக்கு மேலே. கட்டிலில் நார்பெர்ட் படுத்திருக்க வேண்டிய பக்கத்தில் அவள் ஒரு வாளியை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காபி குடிக்கும்போது, என் எதிரிலேயே பேச்சு வந்தது.

"கூரைக்கு நான் பணம் வெச்சிருக்கேன் ஆர்லீன். சரியா அஞ்சாயிரம். அதைத் தூக்கி வரிக்குக் கொடுத்துட்டா கூரைக்கு என்ன பண்றது? கொஞ்சம் யோசி."

"யோசிச்சுட்டேன். நான் கூரை வேண்டாம்னு சொல்லல. கூரைக்குக் கீழ ஆள் வேணும்கறேன். இப்ப வாளியோட படுத்துட்டிருக்கேன். வாளி குறட்டை விடறதில்ல, அது ஒண்ணுதான் சௌகரியம்."

"இன்னும் பத்து வருஷம்தான்..."

"நார்ப், இங்க பாரு. ஜூன் அஞ்சாம் தேதி பள்ளிக்கூடம் மூடறாங்க. அன்னைக்கு சாயங்காலம் அஞ்சு மணிக்கு டுலூத் பஸ். அக்கா வீட்டுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். அதுக்குள்ள உன் மெத்தை என் வீட்டுக்கு வந்திருந்தா, நான் திரும்பி வர்றேன். வரலைன்னா அக்காவோடயே இருந்துடறேன். அங்கயும் பள்ளிக்கூடம் இருக்கு, அங்கயும் பிள்ளைங்க சாப்பிடுதுங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை. காபிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள். நார்பெர்ட்டின் முகத்தை நான் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சிரிக்கிற விஷயம் அல்ல என்று எனக்கும் புத்தி வந்தது. ஐம்பத்தேழு வயது வரை தனியாகக் கிடந்த மனிதர். இவள் போனால் மறுபடி அந்த ஜன்னல் விளக்குதான் அவருக்குத் துணை. அது இவருக்கும் தெரியும். தெரிந்தும் ஐயாயிரம் டாலர் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, மீன் வறுத்து முடித்து, பெர்னடெட்டின் மேஜைக்குப் போனார். ஐந்தாவது ஐநூறை எழுதவேண்டிய நேரம். நான் அவர்களுக்குச் சாப்பாடு எடுத்துப் போனேன்.

"இதோட ரெண்டாயிரத்து ஐநூறு கட்டியாச்சு. பாக்கி அஞ்சாயிரம்" என்றாள் பெர்னடெட். "ஏன்டாப்பா, அந்த வீட்டை வித்துத் தொலைச்சா என்ன?"

"வித்தாலும் அதே அஞ்சாயிரம்தானே."

"யாரு சொன்னா?"

"டுவேன்."

"டுவேனுக்கு என்ன தெரியும்? அவன் கட்டவே வேண்டாதவன்! கட்டறவன் நீ, உனக்கு வந்த காகிதத்தைப் படிச்சியா?"

"பத்திரமா பிஸ்கட் டப்பாவுல வெச்சிருக்கேன்."

"பிஸ்கட் படிச்சிருக்கும்" என்றாள் பெர்னடெட். எண்ணெய்க் கையோடு தன் புத்தகத்தைப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்து நிறுத்தினாள். "கேளு. சொந்த பந்தம் இல்லாத வெளியாளுக்கு வித்தா, உனக்கு எவ்வளவு லாபமோ அதுக்கு மேல திருப்பிக் கட்ட வேண்டாம். லாபமே இல்லைன்னா ஒரு சல்லிக்காசு கட்ட வேண்டாம். இல்லன்னா செத்துப் போனாலும் கட்ட வேண்டாம். ரெண்டு வழி இருக்கு. எது உனக்கு சௌகரியம்?"

நார்பெர்ட் உண்மையாகவே யோசித்தார்.

"விக்கறேன்" என்றார் கடைசியில்.

"புத்திசாலி. இப்ப கணக்கைக் கேளு. வாங்கின விலை எழுபத்தாறு. கட்டாத அஞ்சு அவங்க பணம், அதைக் கழிச்சா எழுபத்தொண்ணு. எழுபத்தொண்ணுக்கு மேல எவ்வளவு வந்தாலும் லாபம், அந்த லாபத்தை அவங்களுக்குக் கட்டணும். எழுபத்தொண்ணுக்குள்ள வித்தா எல்லாம் தள்ளுபடி."

இந்தக் கடைசி வார்த்தை நார்பெர்ட்டின் மண்டைக்குள் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. மற்றதெல்லாம் எண்ணெய்ப் புகையோடு போய்விட்டது.

ஈஸ்டர் முடிந்ததும் வாசலில் விற்பனைப் பலகை நட்டார். தரகர் வேண்டாம் என்றுவிட்டார். நடுவில் இன்னும் விழுந்த வீட்டு விலை கொஞ்சம் தேறியிருந்தது, ஆனால் அவர் வாங்கின விலையை எட்டவில்லை. ஒரு சனிக்கிழமை, மார்க்கஸ், டியானா என்று ஒரு இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்தார்கள். நானும் ஆர்லீனும் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்படி ஒரு பேரத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"சார், வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றான் மார்க்கஸ். "எழுபத்திரண்டாயிரத்து ஐநூறு தர்றோம்."

"அதெல்லாம் கட்டுப்படியாகாது" என்றார் நார்பெர்ட்.

பையன் மனைவியைப் பார்த்தான். "அப்ப எழுபத்து மூணு?"

"ஏன் மேல போறே? கீழ வா தம்பி, கீழ வா. அறுபத்தெட்டு."

டியானா குழந்தையை இடது இடுப்பிலிருந்து வலது இடுப்புக்கு மாற்றினாள். "சார், நிலவறையில தண்ணி ஏறுமா?"

"ஏறாது."

"எலி?"

"ஒண்ணு இருந்துது. பட்டினியா கிடந்து போய்டுச்சு."

"அப்ப... இங்க யாராவது செத்துப் போனாங்களா?"

"சாகலாம்னு ஒரு யோசனை இருந்தது. அப்புறம் விக்கலாம்னு முடிவு பண்ணிட்டோம்."

அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஆர்லீன் ஜன்னல் துணியை வாயில் அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். எதிர்வீட்டுப் படகில் உட்கார்ந்திருந்த டுவேன் காதைத் தீட்டிக்கொண்டு எழுந்து நின்றான். அவர்கள் கிளம்பப் பார்த்தார்கள். நார்பெர்ட் விடவில்லை. வாசல் வரை துரத்திக்கொண்டு போனார். "அறுபத்தேழு! துணி துவைக்கற மெஷினையும் விட்டுட்டுப் போறேன்!" அவர்கள் காரில் ஏறியபோது அறுபத்தாறரை ஆகியிருந்தது. அந்த விலைக்கு முடிந்தது. பயந்துபோய் ஒத்துக்கொண்டார்களோ, பரிதாபப்பட்டு ஒத்துக்கொண்டார்களோ, எனக்குத் தெரியாது.

பெர்னடெட் இதைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். "அட பாவி! எழுபத்திரண்டரைக்கு வித்திருந்தா லாபம் ஆயிரத்து ஐநூறு. அதைக் கட்டிட்டாலும் கையில எழுபத்தொண்ணு நின்னிருக்கும். இப்ப அறுபத்தாறரை. ஆயிரத்து ஐநூறு கட்ட மனசில்லாம நாலாயிரத்து ஐநூறைத் தெருவுல போட்டுட்டு வந்திருக்கியே!"

"ஆனா அவங்களுக்கு ஒரு காசு போகல, பாத்தியா?" என்றார் நார்பெர்ட். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இதுதான். எனக்குத் தெரிந்த கணக்கு ரொட்டி எண்ணுகிற கணக்குதான். அதில் பார்த்தாலும் உதைத்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழந்தைக்கு ஒரு வீடு குறைந்த விலைக்குக் கிடைத்தது. நார்பெர்ட் அதற்காகச் செய்யவில்லை என்று சத்தியம் பண்ணினார். இருக்கலாம். ஆண்டவர் சில நல்ல காரியங்களை மனிதனுடைய பிடிவாதத்தை வைத்தே முடித்துக்கொள்கிறார்.

விற்றாயிற்று என்றால் உடனே வந்துவிட வேண்டியதுதானே? வரவில்லை. பையனுடைய பேங்க்காரர்கள் காகிதத்துக்கு மேல் காகிதம் கேட்டார்கள். கையெழுத்து ஆகும் வரை ஒரு ராத்திரிகூட வேறு இடத்தில் படுக்க மாட்டேன் என்று நார்பெர்ட் சாதித்தார். கடைசி நேரத்தில் காரியம் கெட்டுவிடுமாம். மே மாதம் போனது. ஜூன் வந்தது. கையெழுத்துக்குத் தேதி குறித்தார்கள். ஜூன் ஐந்து, மூன்று மணி.

அன்று நான் கசகசா ரொட்டி ஒன்றைப் பயணத்துக்குக் கட்டிக்கொண்டு ஆர்லீன் வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து வந்து, நல்ல உடுப்புப் போட்டு, பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மணி நாலு.

"வருவாரு ஆர்லீன்" என்றேன்.

"வந்தா வரட்டும். வராட்டி இந்த ரொட்டியில பாதியை அவனுக்குக் கொடுத்துரு. ராத்திரிக்கு ஒண்ணும் வெச்சுக்கிட்டிருக்க மாட்டான்."

நான் ஜெபமாலையைக் கையில் எடுத்துக்கொண்டேன். அவள் தெருமுனையையும் பார்க்கவில்லை, தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணி இருபது நிமிடத்துக்கு அவருடைய பழைய வண்டி திரும்பியது. மேலே மெத்தையைக் கயிற்றால் கட்டியிருந்தார். அது ஒரு பக்கமாகச் சரிந்து ஜன்னலை மூடியிருந்தது. நார்பெர்ட் தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டி வந்தார்.

"கையெழுத்து ஆச்சா?" என்றாள் ஆர்லீன், எழுந்திருக்காமலே.

"ஆச்சு!"

"எவ்வளவு நஷ்டம்?"

"ஒம்பதாயிரத்து ஐநூறு!" லாட்டரி விழுந்தவர்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டார்.

ஆர்லீன் எழுந்து போய் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அப்புறம் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "மெத்தையை உள்ள போடு. வாளியை எடுத்துடாதே, கூரை இன்னும் அப்படியேதான் இருக்கு. அப்புறம் என்னை பஸ்ஸுல ஏத்தி விடு."

"பஸ்ஸா? நான்தான் வந்துட்டேனே!"

"வந்துட்டே. நானும் பத்து நாள்ல வந்துடுவேன். டிக்கெட் காசு திரும்பி வராது நார்ப். இப்ப விட்டா முப்பத்தெட்டு டாலர் நஷ்டம்."

நஷ்டக் கணக்கு நார்பெர்ட்டுக்குப் புரிகிற பாஷை. மெத்தையை உள்ளே போட்டுவிட்டு, மனைவியைப் பேருந்து நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்தார். ஒன்பது மாதம் புருஷன் இல்லாமல் கிடந்த வீட்டில், புருஷன் முதல் பத்து ராத்திரி வாளியோடு தனியாகப் படுத்தார். அந்தப் பத்து நாளில் தானே ஏறிக் கூரையை மாற்றினார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது டுவேன். அவளும் சொன்ன நாளில் திரும்பி வந்தாள்.

மறு வருடத் தவக்காலத்தில் பெர்னடெட் அந்தக் கடைசிப் படிவத்தை நிரப்பினாள். கட்ட வேண்டிய தொகை என்ற கட்டத்தில் சைபர் போட்டாள். நார்பெர்ட் அதை இன்னொரு தடவை பெரிதாகப் போடச் சொன்னார். அப்படியெல்லாம் போடக் கூடாது என்று அவள் விரட்டினாள்.

அதற்கப்புறம் நாலு குளிர்காலம் அவர்கள் ஒரே வீட்டில் இருந்தார்கள். எண்ணெய் காய்ந்ததா இல்லையா என்ற சண்டை தினமும் நடந்ததாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். ஐந்தாவது குளிர்காலம் தொடங்கும்போது நார்பெர்ட்டுக்கு இருதயம் சோர்ந்துவிட்டது. மூக்கில் குழாயோடு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். நான் என் மகளோடு இருக்கக் கிளீவ்லாந்துக்குக் கிளம்பும் முன்பு சொல்லிக்கொள்ளப் போனேன். ஆர்லீன் அவர் காலுக்குப் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தாள். அவர் திட்டிக்கொண்டிருந்தார். உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்றேன். தலையை ஆட்டினார்.

"அந்த ஒம்பது மாசம் இருக்கே" என்றார் திடீரென்று. "ராத்திரி ஒம்பது மணிக்குத் தொப்பியை எடுத்துட்டுப் போவேனே. அதை நெனச்சாத்தான் இப்ப ஒதைக்கணும் போல இருக்கு. யாரை ஒதைக்கறதுன்னுதான் தெரியல."

"உன்னைத்தான்" என்றாள் ஆர்லீன், நிமிராமலே.

நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். கதவைத் திறந்ததும் ஏரிக் காற்று உள்ளே அடித்தது. திரும்பிப் பார்த்துக் கையசைத்தேன். அந்த ஜனவரியிலேயே அவர் போய்விட்டார், ஆகவே அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. நார்பெர்ட் நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தி என்னை விரட்டினார்.

"நின்னுட்டு என்ன பாக்கறே? கதவை இழுத்துச் சாத்திட்டுப் போ. சூடெல்லாம் வெளிய போகுது. இந்த வீட்டு கேஸ் பில்லு எவ்வளவு வருதுன்னு எங்களுக்குத்தான் தெரியும்."